அலர்மேல்மங்கையின் தட்டை ஆன்டெனா

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் தினமும் காலையில் கையில் டிபன் கேரியரும் தோளில் காக்கிப் பையுமாகப் பஸ்ஸுக்கு விரையும் அலர்மேல்மங்கையை, அந்தத் தெருவில் எல்லோரும் டீச்சர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட, இருபத்தேழு வயதாகியும் கல்யாணமாகாத பெண் வேறு எந்த வேலைக்குப் போவாள்? அவளும் திருத்தப் போகவில்லை. ரேடார் என்று ஆரம்பித்தால் அது என்னவென்று விளக்க வேண்டும். அதற்குள் பஸ் போய்விடும்.

அப்பா சீனிவாசராகவன் மைசூர் சமஸ்தானத்தின் குடிநீர் இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா காலமான பிறகு சமையலறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் திரும்பத் தரவே இல்லை. அவர் செய்யும் புளியோதரைக்கு அலர்மேலின் ஆபீசில் நல்ல பெயர். பெண் டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் மின்தொடர்புப் பொறியியல் படித்தபோது, வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண் என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "கூட்டத்துல தொலைஞ்சு போகமாட்டா, நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு அவர் கறிகாய் நறுக்கப் போய்விட்டார்.

அவள் வேலை பார்த்தது வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளக் கொட்டகைகளில் இயங்கிய ஒரு ரேடார் ஆய்வுக்கூடத்தில். ஓட்டுக்கூரை, நீளநீளமான அறைகள், வெளியே குல்மொஹர் மரங்கள். 1962-ல் ஆன்டெனா பிரிவுக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது. மலைப்பகுதிகளுக்குச் சாமான் ஏற்றிப்போகும் விமானங்கள் இடிமேகங்களுக்குள் மாட்டிக்கொண்டு தவிக்கின்றன. எதிரே புயல்மேகம் இருப்பதை நாற்பது மைல் தூரத்திலேயே பைலட்டுக்குக் காட்டுகிற ரேடார் வேண்டும். விமானத்தின் மூக்குக்குள் இடம் குறைவு. பெரிய கிண்ணம் போன்ற ஆன்டெனா அங்கே கொள்ளாது. தட்டையாக, ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்தில் ஒன்று செய்ய வேண்டும்.

பிரிவின் தலைவர் சுந்தரராமன் இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். தட்டையான முகத்தில் அறுபத்துநான்கு சின்னச் சின்ன வாய்கள் வைத்து, எல்லாவற்றிலிருந்தும் ஒரே சமயத்தில் அலை கிளம்பச் செய்யலாம் என்று திட்டம் போட்டார். அப்படியென்றால், ரேடார் உண்டாக்கும் அலையை அந்த அறுபத்துநான்கு வாய்களுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்க, பின்பக்கம் கிளைகிளையாக ஒரு பாதை வேண்டும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். அந்தக் கிளைப்பாதையை வடிவமைக்கும் வேலை அலர்மேலிடம் வந்தது.

பத்து மாதம் அவள் அதிலேயே கிடந்தாள். பெரிய வெள்ளைத் தாளில் கறுப்பு நாடா ஒட்டிக் கிளைகளை வரைவாள். அதைப் போட்டோ எடுத்துச் சின்னதாக்கி, செம்புத்தகடு ஒட்டிய கண்ணாடி இழைப் பலகையில் பதித்து, வேண்டாத செம்பை அமிலத் தொட்டியில் கரைத்தெடுப்பது ஃபாத்திமாவின் வேலை. ஃபாத்திமா சிவாஜிநகர்ப் பெண். பாலிடெக்னிக்கில் படித்துத் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தவள். கையில் எப்போதும் மஞ்சளும் பழுப்புமாக அமிலக் கறை. வாய் ஓயாது.

"இன்னா மேடம் இது, ஆலமரத்துக்கே இவ்ளோ கிளை இருக்காது" என்பாள் ஃபாத்திமா.

"ஒண்ணு அறுந்தாலும் தெரிஞ்சுடும். பார்த்துக் கரை" என்பாள் அலர்மேல்.

மறு வருஷம் மே மாதம், ஆய்வுக்கூடத்தின் மொட்டைமாடியில் சோதனை. டெல்லியிலிருந்து விமானப்படை அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். பெங்களூரில் மே மாதத்து மத்தியானம் மேகத்துக்குப் பஞ்சமில்லை. மேற்கே கருக்கலாகத் திரண்டு நின்றது. கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் ரேடார்த் திரை பச்சையாக வெறிச்சோடிக் கிடந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சேஷகிரி, அலையை அனுப்பும் பகுதியைச் செய்தவன், குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்தான். மேகம் ஊரெல்லையில் இருக்கும் கெங்கேரிக்கு வந்து, காற்றில் மண்வாசனையும் வந்த பிறகுதான் திரையில் ஒரு மங்கலான திட்டு எழுந்தது.

அதிகாரி தொப்பியை மாட்டிக்கொண்டார். "எங்க பைலட் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தாலே இதைவிடத் தூரம் தெரியும், மிஸ்டர் சுந்தரராமன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மழை கொட்ட ஆரம்பித்தது.

எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வாய்களின் அளவு தப்பு என்றார் சுந்தரராமன். எதிரொலியைப் பிடிக்கும் வாங்கியில் இரைச்சல் என்றார் இன்னொருவர். சேஷகிரி, "பவரை இரண்டு மடங்காக்கிக் கொடுக்கறேன், சரியாப் போகும்" என்றான். அலர்மேல் ஃபாத்திமாவுடன் சேர்ந்து ஆன்டெனாவை நனையாமல் இறக்கப் போனாள். பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தபோது கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னாச்சு மேடம்? ஷாக்கா?"

"இல்லை. இங்கே கையை வெச்சுப் பாரு."

ஃபாத்திமா வைத்தாள். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து வெயிலே இல்லை. மழைத்துளி பட்டு முன்பக்கம் சில்லென்று இருக்க, பின்பக்கம் மட்டும் இப்போதுதான் ஆறவைத்த இட்லித் தட்டு மாதிரி இருந்தது.

மேகத்தை நோக்கிப் போகவேண்டிய சக்தி பலகைக்குள்ளேயே சூடாகித் தீர்ந்துகொண்டிருந்தது. அவள் வரைந்த கிளைகளில், அவள் தேர்ந்தெடுத்த பலகையில். மழையில் நின்றபடியே அலர்மேல் இன்னொரு தரம் அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வாரம் முழுக்க ஒவ்வொரு வாயிலும் வந்து சேரும் சக்தியை அளந்து கூட்டினாள். உள்ளே போட்டது பத்துப் பங்கு என்றால் வெளியே வந்தது நான்கு. அதோடு போயிற்றா? மேகத்தில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலியும் அதே பாதையில்தானே உள்ளே வரவேண்டும்? அங்கேயும் அதே கதி. போகும்போது ஒரு அடி, வரும்போது ஒரு அடி. நூறில் பதினாறு மிஞ்சியது.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னாள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"எங்க குழாய்லயும் இப்படித்தாம்மா. மூட்டுலதான் ஒழுகும். மூட்டு ஒவ்வொண்ணா இறுக்கிண்டே வா."

"நானும் முதல்ல அப்படித்தான்ப்பா நினைச்சேன். ஆனா இதுல ஒழுகவே இல்லை. குழாயே தண்ணியைக் குடிச்சுடறது."

சீனிவாசராகவன் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். "குழாயே குடிக்கறதா? அப்போ எங்க இலாகா உனக்கு உபயோகப்படாது" என்று சொல்லி, தயிரை அவள் பக்கம் நகர்த்தினார்.

சுந்தரராமனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் மேசைமேல் அளவுகளை வைத்தாள்.

"சார், வாய்கள்ல தப்பில்லை. கிளைப்பாதைதான். கண்ணாடி இழைப் பலகை இந்த அலைவரிசைக்கு ஆகாது. இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற பண்ணணும்."

"பத்து மாசத்து வேலையை?"

"ஆமாம் சார்."

"உங்க டிசைன்தானே, மிஸ் அலர்மேல்?"

"என்னோடதுதான். அதனாலதான் இவ்வளவு நிச்சயமாச் சொல்ல முடியறது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலை போலிருந்திருக்கும். அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சக்தியைக் குடிக்காத உயர்ந்த ரகப் பலகை வெளிநாட்டில் கிடைக்கிறது, தருவித்துவிடலாம் என்றார். மூன்று மாதம் கழித்து டெல்லியிலிருந்து பதில் வந்தது: அந்நியச் செலாவணி இல்லை. சுந்தரராமன் எல்லோரையும் கூப்பிட்டு, தட்டை ஆன்டெனாவை நிறுத்திவைக்கிறோம், மூக்குக்குள் அடங்குகிற அளவில் சின்னக் கிண்ணமே செய்துவிடலாம், தூரம் குறைந்தாலும் பரவாயில்லை என்றார்.

அந்த வாரம் அலர்மேல் ஆபீசுக்குப் போகும் வழியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இறங்கினாள். பௌதிக ஆசிரியை வேலை காலியாக இருந்தது. பிரின்ஸிபால் அம்மாள் அன்பாகப் பேசி, எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம் என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்றாள் அலர்மேல். ஒரு நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. தெருவில் எல்லோரும் டீச்சர் என்கிறார்கள், அதுவே நிஜமாகிவிட்டுப் போகட்டும். அப்புறம் தன்னையறியாமலே மனசு பழைய இடத்துக்குப் போயிற்று. பலகை குடிக்கிறது. சரி, குடிக்காதது எது? உயர்ந்த ரகப் பலகையும் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். கொஞ்சம்கூடக் குடிக்காதது காற்று ஒன்றுதான்.

காற்றுக்குச் செலாவணி வேண்டாமே!

பஸ்ஸில் ஏறியதும் யோசனை வேகம் பிடித்தது. இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே, எதையும் தொடாமல், அந்தரத்தில் செப்புக்கோடு ஓடவேண்டும். அலை முழுக்கக் காற்றிலேயே போகும். கோட்டைத் தாங்க ஏதாவது வேண்டும்தான். கன்டென்சர் செய்யும் பிரிவில் வெங்காயச் சருகு போல ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. அதன்மேல் செம்பை ஒட்டிக் கரைத்தெடுத்தால், தாள் இருப்பதே அலைக்குத் தெரியாது.

சுந்தரராமனிடம் போய் நின்றாள். முழு ஆன்டெனா வேண்டாம், நான்கு வாய்க்கு ஒரு துண்டு மட்டும் செய்து பார்க்க அனுமதி கொடுங்கள் என்றாள்.

"கிண்ணத்து வேலையை யார் பார்ப்பா?"

"அதையும் பார்க்கறேன் சார். சாயந்தரத்துல இதைப் பண்றேன்."

"ஃபாத்திமா?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஃபாத்திமா, "நானும் இருக்கேன் ஸார். வூட்ல சொல்லிக்கிறேன்" என்றாள்.

பழைய பேட்டரி அறையை அவர்களுக்குக் கொடுத்தார்கள். ஃபாத்திமா முதல் தாளை அமிலத்தில் முக்கியதும் அது சுருண்டு அப்பளமாகிவிட்டது. இரண்டாவது கிழிந்தது. சட்டத்தில் இழுத்துக் கட்டி முக்கலாம் என்று அலர்மேல் சொல்ல, ஃபாத்திமா மரச்சட்டத்தில் கட்டிப் பார்த்தாள். மரம் அமிலத்தை உறிஞ்சி நாறியது. கடைசியில் பிளாஸ்டிக் குழாயில் சட்டம் செய்து சாதித்தார்கள். தகடுகளுக்கு நடுவே வைத்து அளந்தபோது பத்துக்கு ஒன்பது வெளியே வந்தது. ஃபாத்திமா அலர்மேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். புடவையெல்லாம் அமிலக் கறை.

சந்தோஷம் மறுநாள் வெயில் ஏறும்வரைதான். மாடியில் வைத்ததும் தாள் சூட்டில் தளர்ந்து, தொட்டில்போல நடுவில் தொங்கியது. கோடு ஒரு தகட்டுப் பக்கம் சாய்ந்து அளவெல்லாம் தாறுமாறாயிற்று.

"முட்டுக் கொடுத்தா போச்சு" என்றாள் ஃபாத்திமா.

"கொடுக்கலாம். ஆனா ஒவ்வொரு முட்டுலயும் அலை கொஞ்சம் முட்டிண்டு திரும்பி வந்துடுமே."

அதற்கும் வழி தேடினாள். முட்டு ஒன்றாக இருந்தால்தானே தொந்தரவு? இரண்டாக, அலையின் நீளத்தில் கால்வாசித் தூரம் தள்ளி வைத்தால்? முதல் முட்டில் பட்டுத் திரும்பும் அலையும், அடுத்ததில் பட்டுத் திரும்புவதும் மேடும் பள்ளமுமாக எதிரெதிரே சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அரிசிமணியளவு முட்டுகள் கடைந்து, ஜோடிஜோடியாக எட்டு மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தார்கள். வெயிலில் மத்தியானம் முழுக்கக் கிடந்தும் தாள் அசையவில்லை. அளவும் மாறவில்லை.

சுந்தரராமன் வந்து பார்த்தார். மீட்டரைத் தானே இன்னொரு தரம் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அளந்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பிரமாதம். ஆனா முழு ஆன்டெனாவுக்கும் இதையே போடறதா இருக்கேளா?"

"ஆமாம் சார்."

"அடிமரத்துக்கு எதுக்கும்மா இது? அறுபத்துநாலா பிரியறதுக்கு முன்னாடி மொத்தச் சக்தியும் ஒரே வழியா வரது. அங்கே பித்தளை வேவ்கைடு போடுங்கோ. அந்த நீள்சதுரக் குழாய்க்குள்ள நஷ்டமே கிடையாது. கடைசிச் சின்னக் கிளைகளுக்கு மட்டும் உங்க காத்துக்கோடு."

எத்தனை நாள் இதையே பார்த்துக்கொண்டிருந்தும் தனக்குத் தோன்றவில்லையே என்று அலர்மேலுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. "மிஸ் அலர்மேல்" போய் "அம்மா" ஆகிவிட்டதையும் கவனித்தாள். கிண்ணத்து வேலை அன்றோடு வேறு பிரிவுக்குப் போயிற்று.

முழு ஆன்டெனா உருவாக 1965 ஏப்ரல் ஆகிவிட்டது. இந்தத் தடவை டெல்லியிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. மாடியில் ஏற்றி, தென்மேற்கே திருப்பி, காத்திருந்தார்கள். வானம் நிர்மலமாக இருந்தது. தொடுவானத்தில் மட்டும் கோடைப் புழுதி மூட்டம்; ஒரு பொட்டு மேகம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே அறையில் சேஷகிரி திரைக்கு முன்னால் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். திடீரென்று கடலைப் பொட்டலம் கீழே விழுந்தது.

"இல்லி நோடி! இங்கே பாருங்க!"

இருபத்தெட்டு மைல் தூரத்தில் ஒரு திட்டு. கெட்டியாக, ஓரம் தெளிவாக, உயிருள்ளதுபோல வீங்கிக்கொண்டே இருந்தது.

"மலையா இருக்கும். அந்தப் பக்கம் பூராப் பாறைதானே" என்றார் சுந்தரராமன்.

"மலை நகருமா ஸார்?" என்றாள் ஃபாத்திமா.

திட்டு நகர்ந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் தூரம் பார்த்தார்கள். மைசூர் போகிற வழியில் இருக்கும் க்ளோஸ்பேட்டை. சேஷகிரி டெலிபோனை எடுத்து டிரங்க் கால் போட்டு, அங்கே ரயில்வே ஸ்டேஷனைப் பிடித்தான். கன்னடத்தில், அங்கே வானிலை எப்படி என்று கேட்டான். எதிர்முனைக் குரல் எரிச்சலோடு இரைந்தது அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"மளெ சுரீத்தா இதெ ஸ்வாமி! சிக்னல் கம்பானே காணிஸ்தா இல்ல!"

மழை கொட்டுகிறதாம், சிக்னல் கம்பமே தெரியவில்லையாம். சேஷகிரி நன்றி சொல்லிப் போனை வைத்தான். உடனே எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். சுந்தரராமன் அலர்மேலுக்குக் கை கொடுக்க வந்து, பெண்பிள்ளைக்குக் கை கொடுப்பதா என்று தயங்கி, கும்பிட்டார். அவள் ஆன்டெனாவின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்க்க மாடிக்கு ஓடிவிட்டாள். தகடு குளுகுளுவென்றிருந்தது. அங்கேயே நின்று கொஞ்சம் அழுதாள்.

அடுத்த வருஷம் ஒரு பழைய டகோட்டா விமானத்தின் மூக்கில் அதைப் பொருத்தினார்கள். பைலட் ஷங்கர் நெடுநெடுவென்று வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். சோதனைப் பயணத்துக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவர் வரலாம் என்றார்கள். சுந்தரராமன் அலர்மேலின் பெயரைச் சொன்னதும், விமானதளத்தில் இழுத்தார்கள். பெண்ணை ஏற்றிப் பழக்கமில்லை என்றார்கள். ஷங்கர் தலையிட்டார்.

"இந்தப் பெட்டி வேலை செய்யலைன்னா யாரைத் திட்டறது? செஞ்சவங்களைப் பக்கத்துல உட்கார வைங்க."

அப்பாவிடம் சொன்னபோது அவர் கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தார். பிறகு, "வயித்தைக் காலியா வெச்சுண்டு ஏறாதே" என்றார்.

அந்த யோசனை தவறாகப் போயிற்று. சென்னைக்குப் போகும் வழியில் மேகங்கள் மூட்டம் போட்டன. டகோட்டா தூக்கிப் போட்டது. பைலட்டுக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்திருந்த அலர்மேல் ஒரு கையால் காகிதப் பையையும் மறு கையால் திரையின் விளிம்பையும் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே ஜன்னலில் வெறும் வெள்ளை. எது மேகம், எது புயல் என்று கண்ணால் சொல்லவே முடியாது. திரையில் மட்டும், நேர் எதிரே, முப்பத்தைந்து மைலில் பெரிய திட்டு ஒன்று வாயைப் பிளந்து நின்றது. அதற்கும் வலப்பக்கத்துச் சின்னத் திட்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு சந்து.

"வலது பக்கம் வழி இருக்கு" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினாள்.

ஷங்கர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நம்பலாமா?"

"நம்பலாம்."

விமானத்தைச் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் இடது ஜன்னல் முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது. கன்னங்கரேலென்று, உள்ளே மின்னல் ஓட, மலைபோல ஒரு மேகம் பக்கவாட்டில் கடந்து போயிற்று. அதைத் தாண்டியதும் திடீரென்று வெயில். கீழே ஏரிகள் பளபளத்தன. ஷங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"போன வருஷம் இது இல்லாம ஒருத்தன் அதுக்குள்ள போனான். என் சிநேகிதன்" என்றார்.

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் அலர்மேல் தரையில் சற்று உட்கார்ந்தாள். ஷங்கர் யாரையோ அனுப்பி இரண்டு சோடா வாங்கி வரச் சொன்னார். சோடாவைக் குடித்தபடி, இதே மாதிரி எத்தனை செய்ய முடியும் என்று கேட்டார்.

"எத்தனை வேணும்?"

"எங்க தளத்துலயே பன்னிரண்டு விமானம் இருக்கு."

அவள் மனதுக்குள் ஃபாத்திமாவுக்கு இன்னும் இரண்டு பெண்களையாவது உதவிக்குப் போடவேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்தாள். பேட்டரி அறை போதாது. பெரிய தொட்டி வேண்டும். "பண்ணிடலாம்" என்று சொல்லி எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். திரும்பிப் போகும்போது தான் முன்னால், பைலட்டுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரலாமா என்று கேட்டாள்.